பாத்திரமே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க பரண்?

டிஸ்கி: இதை எழுதுகிறவன் கணித மேதை கிடையாது. இரண்டாம் ஆண்டு கணக்குப் பேப்பரை இரண்டாவது தடவையில்தான் தாண்டியவன். ஊர் ஆலங்குளம். உடனே "தென்காசிப் பக்கத்து ஆலங்குளமா?" என்று கேட்காதீர்கள். இது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். பிறந்ததிலிருந்து இந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அலுத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வாரம் விடுதி மொட்டை மாடியில் ஒரு சண்டை. சாஃப்ட்வேர் எழுதப் போகிறவன் அருவக் கணிதத்தில் ஏதாவது ஒரு கிளையைத் தேர்ந்து படிக்க வேண்டுமென்றால் எதைப் படிக்க வேண்டும்? கையில் இருப்பது ஆறு மாசம். அதற்குள் பிராஜெக்ட், பிளேஸ்மென்ட், அரியர் எல்லாம் உண்டு. ஆக ஒரே ஒரு கிளைக்குத்தான் நேரம்.

மூன்று கட்சி பிரிந்தது. முதல் கட்சி: "கேட்டகரி தியரி. அதைப் படிக்காதவன் புரோகிராமரே இல்லை." இரண்டாம் கட்சி: "லீனியர் அல்ஜீப்ரா. ஏஐ காலம்டா இது." மூன்றாம் கட்சி: "எதுவும் வேண்டாம். வேலைக்குப் போனதும் ஆணி புடுங்கத்தான் போகிறோம், ஆணி புடுங்க எதுக்குடா கணக்கு?"

இரவு பன்னிரண்டு மணிக்கு வார்டன் வந்து துரத்தும் வரை கத்தினோம். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே சொல்லி முடிக்கிறேன். என் கட்சி நாலாவது. ஃபார்மல் லாங்வேஜ், ஆட்டோமேட்டா. அதுதான் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். "அது அந்த தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்தானே, அதைத்தான் மனப்பாடம் பண்ணி வாந்தி எடுத்தோமே" என்று சொல்வீர்கள் என்று தெரியும். அதற்கும் வருகிறேன்.

முதலில் என் சொந்தக் கதை.

முதலாம் ஆண்டு முடிந்த லீவில் இணையத்தில் யார் யாரோ சொன்னதைக் கேட்டு கேட்டகரி தியரி படிக்க உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் புத்தகம். பொருள் என்றால் புள்ளி, மார்ஃபிசம் என்றால் அம்புக்குறி, அம்புகளைச் சேர்க்கலாம். இதுவரை சரி, சுலபமாகத்தான் இருந்தது. அடுத்து உதாரணம் வந்தது. "குரூப்புகளின் கேட்டகரியை எடுத்துக்கொள்ளுங்கள்." குரூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. "சரி, டோபாலஜிகல் ஸ்பேஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள்." அதைவிடத் தெரியாது. "வெக்டர் ஸ்பேஸ்?" பேர் மட்டும் தெரியும்.

ரெண்டு மாசம் அம்புக்குறி வரைந்தேன். ஒரு நோட்டு தீர்ந்தது. எழுதின எந்த வரியையும் இது சரியா தப்பா என்று என்னால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மூடி வைத்தேன். வைக்கும்போது "இந்தப் புத்தகம் எனக்கு இப்போது வேண்டாம்" என்று நினைக்கவில்லை. "நமக்கெல்லாம் கணக்கு வராது" என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் அப்படியே நம்பினேன். இந்தக் கட்டுரையில் இருக்கிற கோபமெல்லாம் அந்த ஒன்றரை வருஷத்துக்கானது.

அப்புறம்தான் வரலாறு தெரிந்தது. கேட்டகரி தியரியை 1940களில் உருவாக்கியவர்கள் சாமுவேல் ஐலன்பெர்க், சாண்டர்ஸ் மெக்லேன் இருவரும். அதை முறையாக விரித்து வைத்த அவர்களுடைய கட்டுரை 1945-ல் வந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? டோபாலஜியிலிருந்தும் அல்ஜீப்ராவிலிருந்தும். ஒரு துறையில் நடப்பதும் இன்னொரு துறையில் நடப்பதும் ஒன்றுபோல இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்து, அந்த ஒற்றுமையைச் சொல்ல ஒரு மொழி தேவைப்பட்டது. அவர்கள் வீடு முழுக்கப் பாத்திரம். அடுக்கி வைக்கப் பரண் கட்டினார்கள். நியாயம்.

நம் வீட்டில் ஒரு சொம்பு, ஒரு தட்டு. நமக்கு எதுக்குங்க பரண்?

"மோனாட் இருக்கிறதே, ஹாஸ்கெல் இருக்கிறதே" என்று கையைத் தூக்குகிறவர்களுக்கு: இருக்கிறது, மறுக்கவில்லை. யூஜினியோ மோஜி 1989, 1991 கட்டுரைகளில் மோனாடைக் கொண்டு நிரல்களின் பக்கவிளைவுகளை விளக்கினார். பிலிப் வாட்லர் அதை ஹாஸ்கெல் பக்கம் இழுத்து வந்தார். அருமையான வேலை. ஆனால் இந்த இருவரும் படித்துக் கரைத்த பிறகு செய்த வேலை அது. நிரல் எழுதிப் பழகிய ஒருவனுக்கு மோனாட் என்ன செய்கிறது என்று புரிய ஹாஸ்கெல்லில் இருபது நிரல் எழுதினால் போதும், கேட்டகரி தியரி தேவையில்லை. இருபது நிரல் எழுதாமல் அந்த வரையறையை மட்டும் சொல்லித் திரிவதற்குப் பேர் படிப்பு இல்லை, ஜல்லி.

இரண்டாம் கட்சிக்கு என் பதில் சின்னது. மெஷின் லேர்னிங் வேலைக்குப் போகிறவன் லீனியர் அல்ஜீப்ரா படித்தே ஆக வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் நம் வகுப்பில் பெரும்பாலானோர் போகப் போவது பில், ஃபார்ம், லாக் ஃபைல், டேட்டாபேஸ், இதை அங்கே அனுப்பு, அதை இங்கே வாங்கு என்கிற வேலைக்கு. அங்கே நாள் முழுக்கப் புரட்டப் போவது எழுத்துக்களை. மேட்ரிக்ஸை இல்லை.

மூன்றாம் கட்சிக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் "கணக்கே வேண்டாம்" என்று சொல்கிறவனும், என்னைப் போல எங்கேயோ அடிபட்டுத்தான் அப்படிச் சொல்கிறான்.

ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை மூன்று கேள்விதான்.

ஒன்று, அந்தக் கிளைக்கான உதாரணங்கள் ஏற்கெனவே என் கையில் இருக்கின்றனவா? உதாரணம் புரிய இன்னொரு புத்தகம் படிக்க வேண்டுமென்றால் வரிசை தப்பு.

இரண்டு, நான் எழுதியது தப்பென்றால் இன்று சாயங்காலத்துக்குள் எனக்கே தெரியுமா? பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் படிக்கிறவனுக்கு இதுதான் உயிர்.

மூன்று, "இது உன்னால் முடியாது, யாராலும் முடியாது, முயற்சி பண்ணாதே" என்று அந்தக் கிளை எனக்கு எதையாவது சொல்லுமா? செய்ய முடிந்ததை யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். செய்யவே முடியாத ஒன்றைத் தேடி மூன்று நாள் வீணாக்காமல் காப்பாற்றுவது கணிதம் மட்டும்தான்.

இந்த மூன்றிலும் ஃபார்மல் லாங்வேஜ் தேறுகிறது. எப்படியென்று பார்ப்போம்.

ரீஜெக்ஸ் எழுதாத டெவலப்பர் உண்டா? செல்போன் எண் பத்து இலக்கமா, பின்கோடு ஆறு இலக்கமா என்று பார்க்க எல்லோரும் எழுதியிருப்போம். அதன் பின்னால் இருப்பது ஸ்டீபன் கிளீனி 1956-ல் வெளியிட்ட கணிதம். நரம்பு வலைகளுக்கு அப்போது இருந்த ஒரு கணித மாதிரியை வைத்துக்கொண்டு, எந்தெந்த எழுத்துத் தொடர்களை அது அடையாளம் காண முடியும் என்று கேட்டுப் போனதில் பிறந்தது. கென் தாம்ப்சன் 1968-ல் அதைத் தேடும் நிரலாக்கினார். இன்று உங்கள் எடிட்டரில் கன்ட்ரோல்-எஃப் அடித்துத் தேடும்போது அந்த வம்சம்தான் ஓடுகிறது. ஆக உதாரணம் கையிலேயே இருக்கிறது. முதல் கேள்வி தீர்ந்தது.

தப்பென்றால் தெரியுமா? ரீஜெக்ஸ் எழுதி ஓட்டிப் பாருங்கள். ஓடும், அல்லது ஓடாது. வாத்தியார் தேவையில்லை. இரண்டாவதும் தீர்ந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். அடைப்புக்குறிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று சுத்தமான ரீஜெக்ஸால் பார்க்க முடியுமா? திறந்தது எத்தனையோ அத்தனை மூட வேண்டும், எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம். முடியாது. ஏன் என்பதற்கு நிரூபணம் இதோ, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ரீஜெக்ஸ் என்பது எண்ணி முடிக்கக்கூடிய நிலைகள் உள்ள ஓர் எந்திரம். ஐந்து நிலை என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் திறப்புக்குறி ஒன்றுகூடக் கொடுக்காமல் ஒரு தடவை, ஒன்று கொடுத்து ஒரு தடவை, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கொடுத்து ஒவ்வொரு தடவை என்று பாருங்கள். ஆறு நிலவரம். நாற்காலி ஐந்து, ஆள் ஆறு பேர். எப்படி உட்கார்ந்தாலும் எங்கேயோ ரெண்டு பேர் ஒரே நாற்காலியில். இரண்டு திறந்ததும் ஐந்து திறந்ததும் ஒரே நிலையில் போய் நிற்கின்றன என்று வையுங்கள். இப்போது இரண்டு மூடுகுறி கொடுங்கள். முதலாவதற்கு "சரி" என்று சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு "தப்பு" என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. எங்கேயோ தப்பாகச் சொல்லியே தீரும். ஐந்துக்குப் பதில் ஐந்தாயிரம் நிலை வைத்தாலும் இதே கதை.

அவ்வளவுதான். பரீட்சையில் பம்பிங் லெம்மா என்று மிரட்டினார்களே, அதன் உயிர் இந்த நாற்காலி விளையாட்டுதான். (பெர்ல் வகை ரீஜெக்ஸில் இதெல்லாம் முடியுமே என்று கேட்கும் விவரமான அண்ணன்களுக்கு: முடியும். ஏனென்றால் அது கிளீனி சொன்ன ரீஜெக்ஸ் இல்லை, மேலே நிறைய ஒட்டுப்போட்டது. ஒட்டுக்கு விலையும் உண்டு, அடுத்த பத்தியில் வருகிறது.)

2016 ஜூலை 20. உலகம் முழுக்க புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிஷம் படுத்துவிட்டது. காரணம் ஒரு ரீஜெக்ஸ். வரியின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடங்களை வெட்டுவதற்காக எழுதியது. யாரோ ஒருவர் போட்ட பதிவில் ஒரே தொடராகச் சுமார் 20,000 வெற்றிடம் இருந்தது, ஆனால் வரி அங்கே முடியவில்லை. எந்திரம் முதல் வெற்றிடத்திலிருந்து கடைசி வரை போகும், "அட, வரி முடியலையே" என்று திரும்பி வரும், இரண்டாவதிலிருந்து மறுபடி போகும், பிறகு மூன்றாவதிலிருந்து. 20,000 + 19,999 + 19,998 என்று கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 20 கோடி ஒப்பீடு, ஒரு பதிவைக் காட்ட.

2019 ஜூலை 2. இணையத்தின் பெரும்பகுதிக்கு வாயிற்காவல் செய்யும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 27 நிமிஷம் உலகளவில் தடுமாறியது. மறுபடியும் ஒரே ஒரு ரீஜெக்ஸ். பின்வாங்கிப் பின்வாங்கித் தேடியதில் சிபியு முழுவதையும் தின்றுவிட்டது. அதன் பிறகு, ஓடும் நேரத்துக்கு உத்தரவாதம் தரும் வேறு எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். அந்த உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது? ஆட்டோமேட்டா கணிதத்திலிருந்து. தாம்ப்சனுடைய 1968 முறையில், எல்லாச் சாத்தியங்களையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக முன்னால் மட்டுமே போகலாம். பின்வாங்கலே கிடையாது.

ஐம்பது வருஷம் முன்னால் அச்சில் வந்த விடை. தெரிந்தவர்களுக்கும் கைதவறுகிறது. தெரியாதவனுக்கு எது தவறு என்பதே தெரியாது. "ஆணி புடுங்க எதுக்குடா கணக்கு" என்று கேட்ட நண்பா, ஆணி எங்கே இருக்கிறது என்று காட்டத்தான்.

இனி நம் ஊர்ப்பக்கம்.

இந்தக் கிளையெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறதல்லவா? அங்கே கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர், அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இவர்களும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் ஃபார்மல் லாங்வேஜ் துறையில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அதுவரை இலக்கணம் என்றால் பெரும்பாலும் ஒரே வரிசையில் நீளும் எழுத்துத் தொடருக்குத்தான். இவர்கள் அதை நீள அகலம் இரண்டும் உள்ள கட்டங்களுக்கு, படங்களுக்கு விரித்தார்கள். 1974-ல் வந்த கட்டுரைக்குத் தலைப்பிலேயே கோலம் இருக்கிறது. ஆமாம், வாசலில் போடுகிற அதே கோலம். அந்த ஆங்கிலச் சொல்வரிசையில் "கோலம்" என்ற தமிழ்ச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் அம்மாச்சியைக் கேளுங்கள். சின்னக் கோலம் தெரிந்தால் பெரிய கோலத்துக்குப் புதிதாக ஒன்றும் மனப்பாடம் பண்ண வேண்டாம். அதே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் மார்கழிக்குத் தெருவை அடைக்கிற கோலம் வந்துவிடும். கையடக்க விதி, முடிவில்லாத படங்கள். ஃபார்மல் லாங்வேஜ் என்பதே இந்த ஒரு வரிதான்.

கண்ணன் கால் கொலுசு என்று ஒரு கோலவகை உண்டு. அதை இப்படி எழுதலாம். தொடக்கம்: "திரும்பு, வ, திரும்பு, திரும்பு, வ". விதி: எங்கெல்லாம் "வ" வருகிறதோ அங்கெல்லாம் "வ, கோடு, வ, திரும்பு, திரும்பு, வ, கோடு, வ" என்று மாற்றிப் போடு. "கோடு" என்றால் ஒரு நீளம் இழு, "திரும்பு" என்றால் ஒரே பக்கமாக 45 பாகை திரும்பு, "வ" படத்தில் ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான் நிரல். தொடக்கத்தில் "வ" இரண்டு. ஒரு சுற்றில் எட்டு, அடுத்ததில் 32, அப்புறம் 128. ஐந்தாவது சுற்றில் 2,048. பைத்தானில் பத்துப் பதினைந்து வரி. உயிர்களின் வளர்ச்சியை எழுதுவதற்காக லிண்டன்மேயர் 1968-ல் கொடுத்த முறை இது. நம் கோலம் அதற்குள் சட்டை மாட்டியதுபோலப் பொருந்துகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நானே தரையில் போட்டுப் பார்த்தது. புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாகப் போகிற சிக்குக் கோலம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நடுவில் கம்பி குறுக்கே வெட்டிப் போகும், ஓரத்தில் வளைந்து திரும்பும். பாய் பின்னல் மாதிரி. மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்துப் போட்டால் ஒரே கம்பியில் முடிகிறது. நான்குக்கு நான்கு வைத்தால் நாலு கம்பி வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் ரெண்டு கம்பி. கண்டுபிடித்துவிட்டீர்களா? இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை கம்பி. ஆறாம் வகுப்புக் கணக்கு. அங்கோலா நாட்டு மணற்கோலங்களைப் பற்றி பவுலஸ் கெர்டஸ் என்ற கணிதர் எழுதியதிலும் இதே விதி இருக்கிறது. அம்மாச்சியிடம் சொன்னேன். "அஞ்சுக்கு அஞ்சு வெச்சா ஒரு கம்பில நிக்காதுன்னு எனக்குத் தெரியும்யா, ஏன்னுதான் தெரியாது" என்றாள்.

அந்த "ஏன்" இருக்கிறதே, அதுதான் அருவக் கணிதம். "நிக்காது" வரை அனுபவம் கொண்டுவந்து விடும். ஏனென்று சொல்லக் கணிதம் வேண்டும். ரெண்டில் எது உசத்தி என்று நான் பேசவில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவதைத் தொடாதே என்று மட்டும் சொல்கிறேன். கம்பி கோத்துப் பழகாதவனிடம் போய் காரணியைச் சொன்னால் அவனுக்கு அது இன்னொரு 2 மார்க் கேள்வி.

இப்போது அந்த மனப்பாடக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர் மொக்கை என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க நான் கட்டிய ஆட்டோமேட்டா எதையும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. வட்டம் வரைந்தோம், அம்பு போட்டோம், 2 மார்க்குக்கு வரையறை, பெரிய மார்க்குக்குப் போன வருஷக் கேள்வி. அதுவும் அம்புக்குறிதான், கேட்டகரி தியரியில் நான் பட்ட அதே பாடு. அதனால் தப்பு அந்தக் கிளையில் இல்லை. ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரே அருவக் கணிதத்தை ஓட்டாமலே பாஸ் பண்ண வைத்ததில் இருக்கிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்து உதிரிபாகத்தின் பேரைக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சரி, ஆட்டோமேட்டா முடித்தாயிற்று, அடுத்து? அடுத்தது அல்ஜீப்ராவில் ஒரு சின்ன வாசல், மோனாய்டு. பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். என் தப்பிலிருந்தே சொல்கிறேன்.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி தெரியுமல்லவா, பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே தறி வைத்திருக்கும் மாமா ஒருவருக்குச் சின்னதாக ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். தினமும் ஒரு தறிக்குச் சராசரி எத்தனை மீட்டர் என்று வரும். வாரக் கடைசியில் அந்தத் தினச் சராசரிகளையே கூட்டி வகுத்து வாரச் சராசரி என்று காட்டினேன். மாமா ரெண்டு வாரம் பார்த்துவிட்டு, "மாப்ளே, கம்ப்யூட்டர் பொய் சொல்லுதே" என்றார்.

உதாரணத்துக்கு, திங்கள்கிழமை பத்துத் தறி ஓடி சராசரி 60 மீட்டர். செவ்வாய் மின்வெட்டு, ரெண்டே தறி ஓடி சராசரி 30. என் நிரல் சொன்னது 45. உண்மையில் 600 மீட்டரும் 60 மீட்டரும் சேர்த்து 660, பன்னிரண்டால் வகுத்தால் 55. பத்து மீட்டர் வித்தியாசம். மாமாவுக்கு மோனாய்டு தெரியாது, தறி தெரியும்.

சராசரிகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் விடை மாறும். கூட்டல் மாறாது. ஆகவே சராசரியைத் தூக்கிக்கொண்டு திரியாமல், (மொத்தம், எண்ணிக்கை) என்ற ஜோடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரே தடவை வகுக்க வேண்டும். எப்படிக் கூறுபோட்டுச் சேர்த்தாலும் விடை மாறாத, சேர்த்தாலும் எதையும் மாற்றாத ஒரு வெறும் உறுப்பும் உள்ள அமைப்புக்குப் பேர்தான் மோனாய்டு. கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-ல் வெளியிட்ட மேப்ரெடியூஸ், ஆயிரம் கம்ப்யூட்டருக்கு வேலையைப் பங்கு வைத்துப் பிறகு சேர்த்தது. அதிலும் பகுதி விடைகளை எந்த வரிசையில் சேர்த்தாலும் பாதகமில்லை என்ற இதே குணத்தை நம்பித்தான் பாதியிலேயே கூட்டி அனுப்பினார்கள். மாமாவின் பன்னிரண்டு தறிக்கும் அந்த ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் ஒரே கணக்கு.

கவனித்தீர்களா, இப்போது உங்கள் வீட்டில் ரெண்டு பாத்திரம் சேர்ந்துவிட்டது. எழுத்துத் தொடர்களை ஒட்டுவதும் மோனாய்டுதான் என்பதைப் பார்க்கும்போது மூன்றாவது. இப்படி ஏழெட்டு சேர்ந்த பிறகு, "என்னடா இது, எல்லாம் ஒரே ஜாடையாக இருக்கிறதே" என்று உங்களுக்கே தோன்றும். அன்றைக்குக் கேட்டகரி தியரி புத்தகத்தை எடுங்கள். அன்றைக்கு அது உங்களிடம் பேசும். அதற்கு முன்னால் எடுத்தால் என் நோட்டு மாதிரி அம்புக்குறிதான் மிஞ்சும்.

"இனிமேல் ஏஐ கோடு எழுதும், நாம் எதுக்குப் படிக்க வேண்டும்?" என்று கடைசியாக ஒருவன் கேட்டான். எழுதட்டும். ரீஜெக்ஸ் கேட்டால் நொடியில் கொடுக்கிறது, நானும் வாங்கியிருக்கிறேன். அது 20,000 வெற்றிடத்தில் மாட்டுமா மாட்டாதா என்று யார் சொல்வது? முன்பெல்லாம் நாம் எழுதிய தப்பை மட்டும் கண்டுபிடித்தால் போதும். இப்போது நமக்குப் பதிலாக எழுதப்பட்டதன் தப்பையும் கண்டுபிடிக்க வேண்டும். வேலை கூடியிருக்கிறது.

முடிக்கும் முன் கொஞ்சம் சீரியஸாக. எந்தக் கிளை என்பது ருசி விஷயம், அவரவர் இஷ்டம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வீட்டில் புத்தக அலமாரியும் சந்தேகம் கேட்க ஆளும் இருக்கிறவனுக்கு ருசி விஷயம்தான். ஒரு புத்தகம் புரியாவிட்டால் அடுத்ததை எடுப்பான். எங்கள் ஊரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவனுக்கு முதல் புத்தகம்தான் தீர்ப்பு. அது அவன் கையில் உதாரணமே இல்லாத புத்தகமாக இருந்துவிட்டால், தப்பு வரிசையில் என்று அவனுக்குத் தெரியாது. தன் மூளையில் என்று முடிவு கட்டிவிடுவான். பகட்டுக்காக "கேட்டகரி தியரியிலிருந்து ஆரம்பி" என்று ஜூனியர்களிடம் அள்ளிவிடும் அண்ணன்களே, நீங்கள் ஒருத்தனுக்கு வழி காட்டும்போது பத்துப் பேரைக் கணக்குப் பக்கமே வராமல் துரத்துகிறீர்கள். அந்தப் பத்தில் ஒருத்தனாக இருந்தவன் சொல்கிறேன்.

ஆகவே ஜூனியர்களுக்கு: அடுத்த லீவில் ஊருக்குப் போனால் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, அடைப்புக்குறி சரிபார்க்க ரீஜெக்ஸ் எழுத முயன்று தோற்றுப் போங்கள், அப்புறம் நாற்காலி நிரூபணத்தை உங்கள் கையால் எழுதுங்கள். இரண்டு, தாம்ப்சன் முறையில் ஒரு குட்டி ரீஜெக்ஸ் எஞ்சின் கட்டுங்கள், புள்ளி, நட்சத்திரம், "அல்லது" இந்த மூன்று போதும். மூன்று, வீட்டில் கோலம் போடுகிறவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் போடும் கோலம் ஒன்றுக்கு விதி எழுதுங்கள். எழுதி ஓட்டிக் காட்டுங்கள், தப்பாக வந்தால் அவர்களே சொல்வார்கள்.

பி.கு: கொலுசுக் கோலத்தை லேப்டாப்பில் ஓட்டி அம்மாச்சியிடம் காட்டினேன். ஐந்தாவது சுற்று வரை கண் கொட்டாமல் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூலையில வளைவே இல்லாம கூரா இருக்கு பாரு, கம்பி அப்படியா திரும்பும்?" என்றாள். சரிதான். அடுத்த லீவில் விதியைத் திருத்த வேண்டும் :-)